முன்வீட்டு மீட்டர்

எங்கள் காம்பவுண்டுக்கு ஒரே ஒரு மீட்டர்தான். அது அண்ணன் வீட்டு முன்சுவரில், வாசல் கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பின்னால் நான் இருக்கும் ஒற்றை அறைக்கும் அடுப்படிக்கும் கரண்ட் அங்கிருந்துதான் வர வேண்டும். மீட்டரிலிருந்து கிளம்புகிற ஒயர் அண்ணன் வீட்டுப் பக்கச்சுவரோடு ஓடி, அவர்களுடைய பின் படுக்கையறை ஜன்னலுக்கு மேலே திரும்பி, குளியலறைத் தகரத்தைத் தாண்டி என் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு வந்து சேரும்.

ஒயரைப் போட்டது எங்கள் அப்பா. என் வீட்டுக்காரர் இறந்து நான் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தபோது இந்த அறையைக் கட்டிக் கொடுத்தவரும் அவர்தான். வண்டியூருக்குக் கிழக்கே இந்த இடமெல்லாம் முன்பு வயலாகக் கிடந்தது. அப்பா இதே வயலில் கூலிக்கு நாற்று நட்டவர். அது பிளாட் போட்டு விற்பனைக்கு வந்தபோது, மூட்டை தூக்கிச் சேர்த்ததை எல்லாம் கொட்டி ஒரு துண்டு வாங்கினார். முன்னால் வீடு, பின்னால் காலி இடம். நான் வந்ததும் காலி இடம் என்னுடைய அறை ஆனது. “இது ஒனக்குத்தா. எவனும் ஒன்னைய எந்திரின்னு சொல்ல முடியாது” என்றார். சொன்னதோடு சரி, சாகும்வரை எழுதி வைக்கவில்லை. ஒயரையும் அதே மாதிரிதான் போட்டார். ஒரு பல்பு, ஒரு ஃபேன், இதற்கு மேல் இவளுக்கு என்ன வேண்டியிருக்கும் என்று கடையில் இருந்ததிலேயே மெல்லிய ஒயரை வாங்கி வந்தார். பாதி வழியில் நீளம் பத்தவில்லை. ஜன்னலுக்கு மேலே ஓர் ஒட்டுப் போட்டு, கறுப்பு டேப் சுற்றிவிட்டார்.

எனக்கும் அப்போது அதற்கு மேல் வேண்டியிருக்கவில்லை. தலை குனிந்து வந்த வீடு. கிடைத்த வெளிச்சமே பெரிதாக இருந்தது.

நான் வேலை பார்ப்பது கப்பலூரில், ஸ்டெபிலைசர் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில். பத்தாவது வரை படித்திருந்ததால் சால்டரிங்கில் விடாமல் டெஸ்டிங் மேஜையில் உட்காரவைத்தார்கள். ஆட்களோடு பேச வேண்டியதில்லை என்பதால் அந்த இடம் எனக்குப் பிடித்துப் போனது. மேஜை மேல் வட்டமாக ஒரு டிம்மர் இருக்கும். அதைத் திருகினால் வோல்டேஜ் ஏறும். எதிரே இரண்டு மீட்டர்கள், வோல்டேஜுக்கு ஒன்று, கரண்டுக்கு ஒன்று. கரண்டை இழுக்கிற லோடுக்காக ஹீட்டர் காயில்களை ஒரு தகரப் பெட்டிக்குள் வரிசையாகக் கட்டி வைத்திருப்பார்கள். காலையில் வந்ததும் முதலில் அந்தப் பெட்டியை நேராக இணைத்து, மீட்டர்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். டிம்மரை மெல்லத் திருகுவேன். வோல்டேஜ் முள் எந்த விகிதத்தில் ஏறுகிறதோ அதே விகிதத்தில் கரண்ட் முள்ளும் ஏறும். நூறில் அது எங்கே நிற்கிறதோ, இருநூறில் அதைப்போல இரண்டு மடங்கில் போய் நிற்கும். குறைத்தால் அதே மாதிரி இறங்கும். ஒருநாளும் ஏமாற்றியதில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு ஒழுங்காக நடந்துகொண்ட வேறு எதையும் நான் பார்த்ததில்லை.

இதைப் பள்ளிக்கூடத்தில் படித்துத்தான் இருந்தேன். அறிவியல் சார் கரும்பலகையில் சாய்வாக ஒரு கோடு போட்டு, அழுத்தம் கூடினால் ஓட்டம் கூடும், குறைந்தால் குறையும், எல்லாம் ஒரே விகிதம் என்றார். தடை என்று ஒன்றையும் சொன்னார். கம்பி மெலிந்தால் தடை கூடும், நீண்டால் தடை கூடும். கடைசி பெஞ்சில் இருந்து எழுதிக்கொண்டேன், மனப்பாடம் செய்தேன், மார்க் வாங்கினேன். அந்தக் கம்பி ஒருநாள் என் அண்ணன் வீட்டுச் சுவரில் ஓடும் என்று யாருக்குத் தெரியும்.

தொல்லை ஆரம்பித்தது அண்ணன் மகன் கல்யாணத்தில். புது ஜோடிக்குப் பின் படுக்கையறையை ஒதுக்கினார்கள். பெண் வீட்டில் இருந்து ஏசி வந்தது. மாட்ட வந்தவர்களுக்கு அவசரம். முன்னால் மீட்டரிலிருந்து புது ஒயர் இழுக்க வேண்டும் என்றால் சுவரைக் கொத்த வேண்டும், புதுப் பெயிண்ட் போய்விடும் என்று மதினி சொல்லிவிட்டார். ஜன்னலுக்கு மேலே எனக்கு வருகிற ஒயர் ஓடிக்கொண்டிருந்தது, அதில் ஒட்டும் தயாராக இருந்தது. டேப்பைப் பிரித்து ஏசியை அதிலேயே சேர்த்துவிட்டுப் போய்விட்டார்கள். நான் அன்று பந்தலில் வெற்றிலைத் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தேன். என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

அதற்குப் பிறகு சாயங்காலம் நான் வேலை முடிந்து வரும்போது டியூப்லைட் இரண்டு முனையிலும் சிவந்து சிவந்து துடிக்கும், எரியாது. ஃபேன் சுற்றுவது இறக்கை இறக்கையாகக் கண்ணுக்குத் தெரியும். மிக்ஸியைப் போட்டால் உறுமிக்கொண்டு நிற்கும். அந்தப் பக்கம் ஜன்னலுக்கு வெளியே ஏசியின் பெட்டி கடகடவென்று ஓடி, என் துவைகல் மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும்.

கம்பெனியில் எனக்குப் பக்கத்து மேஜையில் திருமங்கலத்துப் பெண் ஒருத்தி. வாய் ஓயாது. நான் காலையில் சட்னி இல்லாமல் இட்லியைப் பொடியோடு சாப்பிடுவதைப் பார்த்துவிட்டாள்.

“என்னக்கா, சட்னி அரைக்கலயா?”

“மிக்ஸி சுத்தலடி. வோல்டேஜ் இல்ல.”

“ஆத்தாடி! ஊருக்கெல்லாம் வோல்டேஜ் ஏத்தி விடுறவ வீட்ல வோல்டேஜ் இல்லயா? மெதுவாச் சொல்லு, வெளிய தெரிஞ்சா கம்பெனிய மூடிருவாக.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அண்ணன் வீட்டு ஏசியை என் ஒயரில் மாட்டியிருக்கிறார்கள் என்று அங்கே சொல்ல நாக்கு எழவில்லை. பிறந்த வீட்டுக் குறையை வெளியே சொல்லுகிறவள் என்ற பேர் வேறு வேண்டுமா.

அண்ணனிடம் சொல்ல ரொம்ப நாள் எடுத்தது. அண்ணன் கெட்டவர் இல்லை. என் வீட்டுக்காரருக்குக் காரியம் செய்ததும் அவர்தான், ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கினால் மறக்காமல் ஒரு கிண்ணம் பின்னால் அனுப்புகிறவரும் அவர்தான். இதை எழுதும்போதும் அப்படித்தான் எழுத வேண்டியிருக்கிறது. அவர் ஒரு கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது சொன்னேன். அண்ணன் அக்கறையாகவே எழுந்து, எதிர்வீட்டிலிருந்து ஒரு மல்டிமீட்டரைக் கேட்டு வாங்கிக்கொண்டு பின்னால் வந்தார். மதினியும் கூடவே வந்தார்.

“எல்லாத்தையும் ஆஃப் பண்ணு. ஷாக்கு கீக்கு அடிச்சிறப் போகுது” என்றார் அண்ணன்.

ஃபேன், ஃபிரிட்ஜ், லைட் எல்லாவற்றையும் அணைத்தேன். பகல் நேரம், மருமகள் அம்மா வீட்டுக்குப் போயிருந்ததால் ஏசியும் ஓடவில்லை. அண்ணன் பிளக்கில் இரண்டு கம்பிகளையும் சொருகினார். எண் வந்தது.

“பாரு. சுளையா இருநூத்தி முப்பது. முன்னாடி எனக்கு வாரதும் இதேதான். ஒனக்கு என்னத்தா கொறையா வருது?”

எனக்குத் தெரிந்தது. லோடு எதுவும் இல்லாதபோது எவ்வளவு மெல்லிய கம்பியாக இருந்தாலும் கடைசி முனைவரை முழு வோல்டேஜ் காட்டும். கரண்ட் ஓடினால்தானே வழியில் வோல்டேஜ் தின்னப்படும். ஓட்டம் கூடக் கூட, அதே விகிதத்தில் அந்த ஒயரே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டு, மிச்சத்தைத்தான் கடைசி வீட்டுக்குத் தரும். மேஜையில் வருஷக்கணக்காகப் பார்த்தது. ஆனால் இரண்டு பேர் நின்று என் முகத்தைப் பார்த்தபோது இவ்வளவுதான் வாயில் வந்தது:

“சுவிட்ச் போட்டாத்தான்ணே எறங்குது.”

“போட்டா எறங்குது, போடாட்டி ஏறுது. அது என்ன கரண்டா, ஊஞ்சலா?”

மதினி புடவைத் தலைப்பால் வாயை மூடிச் சிரித்தார். “கம்பெனில நாள் முழுக்க முள்ளையே பாத்துப் பாத்து ஒனக்கு வீட்லயும் முள்ளா தெரியுதும்மா” என்றார்.

அவர்கள் போன பிறகு வெகுநேரம் அந்தப் பிளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த வீட்டில் நான் இருந்ததும் அப்படித்தான். எதையும் கேட்காத வரைக்கும் எனக்கு எல்லாம் முழுசாக இருந்தது. அண்ணன் பாசம், மதினி மரியாதை, பிறந்த வீட்டு உரிமை, எந்தக் கம்பியை வைத்துப் பார்த்தாலும் முழு எண்ணைத்தான் காட்டியிருக்கும்.

அடுத்து எங்கள் தெருவில் ஒயரிங் வேலை பார்க்கிற ஒரு பையனைக் கூட்டி வந்தேன். அண்ணனுக்குத் தெரியாமல் இல்லை, மதினியிடம் சொல்லிவிட்டுத்தான். அவன் ஏணி போட்டு ஒட்டைப் பார்த்துவிட்டு இறங்கி, கையைத் தட்டிக்கொண்டான்.

“யக்கா, இது ஒயரா நூலா? ஏசிய இதுல போட்டவன் எவன்? டேப்பு எளகிப் போய் கெடக்கு. தொட்டா சுடுது.”

“மாத்த முடியுமா தம்பி?”

“மாத்தலாம். ஆனா எதுக்கு மாத்தணும்? தனி மீட்டர் போட்ருங்க. போஸ்ட்டுல இருந்து ஒங்களுக்குன்னு நேரா ஒரு லைன். முன்னாடி என்ன ஓடுனா ஒங்களுக்கென்ன. மீட்டருக்கு மீட்டர் ஃப்ரீ யூனிட்டும் தனியாக் கெடைக்கும். ஒங்கண்ணனுக்கும் பில்லு கொறையும்ல, சந்தோசமாக் கையெழுத்துப் போடுவாரு.”

அவன் சொல்லித்தான் எனக்கே அந்த யோசனை வந்தது. இவ்வளவு நாள் ஏன் வரவில்லை என்றால், எங்கள் சனத்தில் ஒரு காம்பவுண்டுக்குள் இரண்டாவது மீட்டர் ஏறினால் அந்தக் குடும்பம் உடைந்துவிட்டது என்று அர்த்தம். தனி அடுப்பு வைத்தால்கூட யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். உடம்புக்கு ஒத்துவரவில்லை, வேலைக்குப் போகிற நேரம் வேறு என்று சமாளித்துக்கொள்ளலாம். மீட்டர் அப்படியில்லை. அது தெருவைப் பார்த்தபடி சுவரில் நிற்கும். கணக்கெடுக்க வருகிறவர் இரண்டு பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். போகிற வருகிற பங்காளிகள் எல்லாம் பார்த்து, “என்னப்பா, தங்கச்சி தனியாப் போயிருச்சா?” என்று விசாரிப்பார்கள். அண்ணன் அந்தக் கேள்விக்குத்தான் பயப்படுவார் என்று நினைத்தேன். அதனால் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன்.

அண்ணன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மடித்து வைத்துவிட்டு மெதுவாகத்தான் பேசினார்.

“தனி மீட்டர் எதுக்குத்தா? நீ என்ன பிள்ளகுட்டி வச்சிருக்கியா? ஒனக்குப் பெறகு யாரு இருக்கா?”

கோபமாகச் சொல்லவில்லை. தலைவலிக்கு மாத்திரை எதற்கு, தூங்கினால் போதும் என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். வந்த பிறகுதான் அது உள்ளே இறங்கியது. பிள்ளை இருந்தால் மீட்டர் உண்டு. பிள்ளை இல்லாதவளுக்கு அவள் சாகும்வரைக்கும் ஒரு பல்பு போதும், அதுவும் துடித்துத் துடித்து எரிந்தால் போதும்.

“பில்லு கொறையுமாம்ணே” என்று இன்னொரு நாள் சொல்லிப் பார்த்தேன்.

“பில்லு கூடட்டும். நாந்தான கட்டுறேன்” என்றார்.

அன்றைக்குத்தான் முதல்முறையாக எனக்குச் சந்தேகம் வந்தது. பத்து ரூபாய் காய்கறிக்கு இரண்டு தெரு நடக்கிற மனுஷர், குறைகிற பில்லை வேண்டாம் என்கிறார் என்றால் அந்த மீட்டரில் பில்லைவிடப் பெரிதாக வேறு ஏதோ இருக்கிறது.

கையெழுத்துக்குப் பதிலாக அண்ணன் எனக்கு ஒரு வழி சொன்னார். “ஒங்க கம்பெனில செய்றதே ஸ்டெபிலைசர்தான. ஒண்ண வாங்கி மாட்டு. ஏசிக்கு நாங்க மாட்டலயா?”

ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் எங்கள் எல்லோருக்கும் பொரி கடலையோடு ஆளுக்கொரு ஸ்டெபிலைசர் கொடுத்திருந்தார்கள். பெட்டியில் கீறல் விழுந்து கடைக்குப் போகாத பீஸ். பிரிக்காமல் பரண் மேல் கிடந்தது. அதை எடுத்து மாட்டினேன். டியூப்லைட் பளிச்சென்று பிடித்துக்கொண்டது. ஃபேன் இறக்கை தெரியாமல் சுற்றியது. அன்றைக்குத் தேங்காய்ச் சட்னி அரைத்துத் தனியாக உட்கார்ந்து மூன்று தோசை சாப்பிட்டேன். என் கையால் டெஸ்ட் செய்து ஸ்டிக்கர் ஒட்டிய பீஸாகவும் இருக்கலாம் என்று ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது.

ஸ்டெபிலைசர் வோல்டேஜைச் சும்மா உண்டாக்கிவிடாது. பின்னால் தூக்கிக் கொடுப்பதற்கு, முன்னாலிருந்து கூடுதல் கரண்டை இழுக்கும். இழுத்தால் நடுவில் உள்ள ஒயரில் இன்னும் கூடுதலாகத் தின்னப்படும், ஜன்னலுக்கு மேலே அந்த ஒட்டில் வோல்டேஜ் இன்னும் இறங்கும். அதே ஒட்டில் இருந்துதான் ஏசி. ஏசிக்கும் ஒரு ஸ்டெபிலைசர். வோல்டேஜ் குறைந்ததும் அது ‘டிக்’ என்று ஒரு படி ஏறி இன்னும் இழுக்கும். அதில் எனக்கு இறங்கும், என்னுடையது ‘டிக்’ என்று ஏறும். அங்கே இறங்கும். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு டிக், இந்தப் பக்கம் ஒரு டிக். சாயங்காலம் முழுக்க அண்ணன் வீடும் நானும் அந்தப் பெட்டிகளை வைத்து ஒருத்தரை ஒருத்தர் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தோம். வாய்விட்டு நாங்கள் ஒருநாளும் போடாத சண்டையை அவை இரண்டும் போட்டன.

மதினி கொடியில் துணி காயப்போட்டபடி ஆரம்பித்தார். “இந்தாம்மா, நீ என்னத்தையோ மாட்டுனதுல இருந்து எங்க ஏசி நின்னு நின்னு ஓடுது. மருமக மூஞ்சி கொடுத்துப் பேச மாட்டேங்குறா.”

“அண்ணந்தான் மாட்டச் சொன்னாக.”

“அவரு எதையாச்சும் சொல்லுவாரு. தெரிஞ்ச வேலதான ஒனக்கு, பாத்து மாட்டக்கூடாதா?”

நான் அதைக் கழற்றிவிடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் ஒரு சாயங்காலம், பஸ் இறங்கி வரும்போதே ரப்பர் தீய்கிற வாடை தெருமுனை வரை வந்தது. அந்த ஒட்டு எரிந்துவிட்டது. புதுப் பெயிண்ட் அடித்த சுவரில் ஜன்னலுக்கு மேலே ஆள் கை அகலத்துக்குக் கறுப்பு. மருமகளின் திரைச்சீலை ஓரம் பொசுங்கியிருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மெயினை அணைத்துவிட்டு எல்லோரும் வாசலில் நின்றார்கள். பக்கத்து வீட்டார்களும் கூடியிருந்தார்கள்.

நான் கேட்டுக்குள் நுழைந்ததும் அண்ணன், என்னைப் பார்த்து அல்ல, பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார்: “கம்பெனில ஏதோ ஓசிப் பெட்டி கொடுத்துருக்காய்ங்க. அத மாட்டி வச்சு வீட்டக் கொளுத்தப் பாத்துருச்சு எந்தங்கச்சி.”

மாட்டச் சொன்னது யார், ஏசியை என் ஒயரில் சேர்த்தது யார், எதையும் நான் சொல்லவில்லை. கூட்டத்தில் பேச எனக்கு வராது. பிளாஸ்டிக் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். என் முதுகுக்குப் பின்னால் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர், “பொம்பளைக்கு எதுக்குங்க எலெக்ட்ரிக்கல் வேலையெல்லாம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஏசிக்கு மீட்டரிலிருந்து தடித்த புது ஒயர் வந்துவிட்டது. இந்தமுறை சுவரைக் கொத்தினார்கள், பெயிண்ட் போனது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு வந்த ஒயரை ஒட்டு இருந்த இடத்தில் வெட்டி, முனையை வளைத்து விட்டிருந்தார்கள். அதை யாரும் சேர்க்கவில்லை. நாலைந்து நாள் பொறுத்து மதினியிடம் கேட்டேன். “அண்ணன் ஏதோ பேசணும்னாரும்மா” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார். காப்பியும் கூடவே வந்தது. எனக்கு இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு விசிறியால் விசிறிக்கொண்டார்.

“நீ தனி மீட்டர் கேட்டல்ல. சரித்தா. போட்டுக்க. நான் கையெழுத்துப் போடுறேன்.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவ்வளவு நாள் மனசுக்குள் அவரைப் பேசிய பேச்சுக்கெல்லாம் வெட்கமாக இருந்தது.

“நான் ஒனக்கு ஒண்ணு போடுறேன், நீ எனக்கு ஒண்ணு போடு. அவ்வளவுதான்” என்று சட்டைப்பைக்குள்ளிருந்து பேனாவை எடுத்தார். “எடம் அப்பா பேர்லயே கெடக்குல்ல. பின்னாடி பையன் மாடி எடுக்கணும்னா லோனுக்கு எழவு எடுக்கும். நீ விடுதலப் பத்திரம் ஒண்ணு எழுதிக் கொடுத்துரு. நீ பாட்டுக்கு இங்கனயே இருக்கப் போற, ஒன்னைய யாரு போகச் சொல்லப் போறா? கரண்டும் ஒனக்குத் தனியா வந்துரும்.”

விடுதலைப் பத்திரம் என்றால் அப்பா இடத்தில் எனக்குப் பங்கே வேண்டாம் என்று நானே எழுதிக் கொடுப்பது. அப்போதுதான் எல்லாம் விளங்கியது. என் பேரில் ஒரு மீட்டர் இருந்தால் நான் இங்கே இருக்கிறேன் என்பதற்கு அது சாட்சி. அதனால்தான் பில் குறைந்தாலும் வேண்டாம் என்றிருக்கிறார். இப்போது இருட்டு வந்த பிறகு அதே மீட்டரைத் தருகிறார், அது நிற்கிற தரையை வாங்கிக்கொண்டு.

மேஜையில் முள் ஏறுவது மாதிரி, அவர் அழுத்த அழுத்த நான் நகர்ந்துகொண்டே வந்திருக்கிறேன் என்பது எனக்கே தெரிந்தது. கொஞ்சம் அழுத்தினால் கொஞ்சம், இன்னும் அழுத்தினால் இன்னும். இத்தனை வருஷமும் விகிதம் தவறியதில்லை. அதை நம்பித்தான் அவர் பேனாவோடு வந்திருந்தார்.

“யோசிச்சுச் சொல்றேன்ணே” என்றேன்.

“இதுல யோசிக்க என்னத்தா இருக்கு?”

“யோசிக்கிறேன்ணே.”

பேனா அவர் கையிலேயே இருந்தது. மூடியைக் கழற்றினார், போட்டார். காப்பி ஆறிப்போனது. போகும்போது, “வெயில் காலம் வருது. ஆஸ்பெஸ்டாஸுக்குக் கீழ ஃபேன் இல்லாம எம்புட்டு நாளைக்கு இருந்துருவ?” என்றார். அதையும் அக்கறையாகத்தான் கேட்டார்.

திருமங்கலத்துக்காரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேலி செய்வாள் என்று நினைத்தேன். செய்யவில்லை. ஒருநாள் லீவு போட்டுவிட்டு என்னைக் கரண்ட் ஆபீசுக்குக் கூட்டிப்போனாள். பேசியதெல்லாம் அவள்தான். அங்கே இருந்த அம்மா பொறுமையாகக் கேட்டார். வாரிசுகள் எல்லோரும் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால் சுலபம், இல்லையென்றால் வேறு வழி இருக்கிறது, வக்கீலைப் பாருங்கள், ஆனால் இழுக்கும் என்றார்.

“இழுத்தா இழுக்கட்டும் மேடம். எங்கக்கா லோடு தாங்கும்” என்றாள் இவள். அந்த அம்மா சிரித்துவிட்டார். இழுக்கிற அந்த வழியில்தான் இப்போது இருக்கிறேன். வக்கீல் முன்னால் உட்கார்ந்தால் எனக்கு இன்னமும் பாதி மறந்துபோகிறது. ஆனாலும் போகிறேன்.

சித்திரை வெயில் அண்ணன் சொன்ன மாதிரியேதான் வந்தது. ஃபிரிட்ஜைத் துடைத்து அதில் துணி அடுக்கியிருக்கிறேன். அம்மியில் அரைக்கத் தோள் வலிக்கிறது. பேட்டரி விளக்கு ஒன்று வாங்கிக் கம்பெனிக்குக் கொண்டுபோய் என் மேஜையிலேயே சார்ஜ் போட்டுக்கொள்கிறேன். சூப்பர்வைசர் ஒருநாள் பார்த்துவிட்டு, “என்னக்கா, கம்பெனி கரண்ட்டக் கூடையில வச்சு வீட்டுக்குக் கொண்டு போறீகளா?” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. கூரை சாயங்காலம் வரை வாங்கிய சூட்டை இருட்டின பிறகு இறக்கும். முன்வீட்டில் ஏசி இப்போது நிற்காமல் ஓடுகிறது. பங்காளிகள் யாராவது வந்தால், “தனியா இருட்டுலயே கெடக்குது, சொன்னாக் கேக்க மாட்டேங்குது, பிடிவாதம்” என்று அண்ணன் சொல்வது எனக்குக் கேட்கும். பொய் இல்லை.

போன வாரம் வேலை முடிந்து வந்தபோது என் வாசற்படியில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கிடந்தது. வெள்ளை ஒயர், அண்ணன் வீட்டு அடுப்படி ஜன்னல் வழியாக வந்திருந்தது. மூன்று பிளக் வைத்தது. பாக்ஸில் குட்டியாக ஒரு சிவப்பு லைட் எரிந்துகொண்டிருந்தது. அண்ணன் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றார்.

“ஃபேனுக்கு மட்டும் வச்சுக்கத்தா. பாக்கச் சகிக்கல.”

அவர் குரல் தழுதழுத்துத்தான் இருந்தது. நிஜமாகவே அவருக்குத் தாங்கவில்லை என்று தெரிந்தது. ஃபேன் பிளக்கைக் கையில் எடுத்துவிட்டேன்கூட. அவர்கள் ஜன்னலைச் சாத்தினால் நின்றுபோகிற காற்று. கேட்டால் குறைகிற கரண்ட். மறுபடியும் அதே ஒயர்தான், நிறம்தான் வேறு.

பிளக்கைக் கீழே வைத்தேன்.

“இருக்கட்டும்ணே” என்றேன். அவர் உள்ளே போனார்.

பாக்ஸ் இன்னமும் படியில்தான் கிடக்கிறது. அவரும் எடுக்கவில்லை, நானும் தாண்டித்தான் போய் வருகிறேன். யார் வேண்டுமானாலும் அதில் மல்டிமீட்டரை வைத்துப் பார்க்கலாம். சுளையாக இருநூற்று முப்பது காட்டும். நான்தான் எதையும் சொருகவில்லையே.